விமான நிலைய ஓய்வுக்கூடமும் வாசலில் நிறுத்தப்படும் குழந்தையும்

விமான நிலையங்களில் உள்ள விசேட ஓய்வுக்கூடங்களினுள் சிறுவர்களை அனுமதிக்கலாமா, கூடாதா என்ற கேள்வி அண்மைக் காலமாகப் பல நாடுகளிலும் விவாதிக்கப்பட்டு வருகின்றது. பணம் செலுத்தி அமைதியை நாடி வருபவர்களுக்கு அந்த அமைதி உறுதிப்படுத்தப்பட வேண்டுமென ஒரு சாராரும், குழந்தையும் ஒரு பயணியே என மறு சாராரும் வாதிட்டு வருகின்றனர். எத்தனையோ பாரிய பிரச்சினைகள் நாட்டை அழுத்திக்கொண்டிருக்கையில் வசதி படைத்தோரின் ஓய்வறை பற்றிய இந்த விவாதம் எமக்கு எதற்கு என்று வாசகர்களில் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. ஆயினும் வளர்ந்தவர்களின் வசதிக்காகக் குழந்தைகளைப் பொது வாழ்விலிருந்து எவ்வளவு தூரம் ஒதுக்கி வைக்கலாம் என்ற பெரிய கேள்வி இச்சிறிய கேள்விக்குள் ஒளிந்திருக்கின்றது. விமான நிலையத்தையே வாழ்வின் திருப்புமுனையாகக் கொண்டுள்ள எமது சமூகங்களுக்கு அக்கேள்வி அந்நியமானதல்ல.

முதலில் இந்த ஓய்வுக்கூடங்களின் வரலாற்றைச் சற்று நோக்குவது பொருத்தமாகும். அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம் 1939 ஆம் ஆண்டு நியூயோர்க் லகார்டியா விமான நிலையத்தில் ஆரம்பித்த அட்மிரல்ஸ் கிளப் இவ்வகையான ஓய்வுக்கூடங்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது. நிறுவனத்தின் அழைப்பைப் பெற்ற பிரமுகர்களுக்கு மாத்திரமே ஆரம்பத்தில் அதன் கதவு திறந்தது. 1960களில் இடம்பெற்ற பாரபட்ச வழக்கொன்றையடுத்தே, கட்டணம் செலுத்தி அங்கத்துவம் பெறும் எவருக்கும் அது திறந்துவிடப்பட்டது. 1992 இல் ஆரம்பிக்கப்பட்ட பிரையோரிட்டி பாஸ் போன்ற திட்டங்களும், அவற்றைத் தமது கடனட்டைகளுடன் இணைத்துக்கொண்ட வங்கிகளும் இக்கதவை மேலும் அகலத் திறந்தன. உயர் வகுப்புப் பயணிகளுக்கென இருந்த இடம் இன்று சாதாரண வகுப்பில் பயணம் செய்யும் நடுத்தரக் குடும்பங்களும் நுழையும் இடமாகியுள்ளது. குடும்பங்கள் வந்தால் குழந்தைகளும் வருவர். பிரச்சினை தோன்றியது அங்கிருந்துதான்.

பெரும்பாலான ஓய்வுக்கூடங்கள் சிறுவர்களை முற்றாகத் தடை செய்யவில்லை என்பதையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும். வழமையாக இரண்டு வயதிற்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் விருந்தினராகக் கணக்கிடப்படுகின்றனர். சில இடங்களில் மாத்திரம் குறிப்பிட்ட வயதிற்கு மேற்பட்டோருக்கே அனுமதி என்ற விதி நடைமுறையில் உள்ளது. ஆனால் நடைமுறையில் குழந்தைகளை வெளியே நிறுத்துவது வயதெல்லை அல்ல, விருந்தினர் எண்ணிக்கையே ஆகும். ஒருவரை மட்டும் உடன் அழைத்துச் செல்ல அனுமதிக்கும் அட்டையை வைத்திருக்கும் தாயொருவர் மூன்று பிள்ளைகளுடன் வருவாராயின், எஞ்சிய இரு பிள்ளைகளுக்கும் தனியாகப் பணம் செலுத்த வேண்டும். இல்லையேல் நால்வரும் வெளியே அமர வேண்டும். வாசலில் தடைப் பலகை இல்லாமலேயே தடை நிறைவேறிவிடுகின்றது.

சிறுவர்களை அனுமதிக்கக்கூடாது என்போரின் வாதத்தைச் சுயநலம் என்று கூறி எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நீண்ட பயணத்தின் நடுவே சில மணிநேர உறக்கத்தை நாடும் நோயாளி, அடுத்த நாள் காலையில் கூட்டமொன்றில் பேசவேண்டிய உத்தியோகத்தர், உறவினர் ஒருவரின் மரணச் செய்தி கேட்டு அவசரமாக ஊர் திரும்பும் மனிதர் ஆகியோருக்கு அமைதி ஓர் ஆடம்பரமல்ல. அது அவர்களின் தேவையாகும். ஓடியாடும் பிள்ளைகளைக் கண்டுகொள்ளாது கைத்தொலைபேசியில் மூழ்கியிருக்கும் பெற்றோரும் இருக்கவே செய்கின்றனர். கொதிநீர்ப் பாத்திரங்களும் கண்ணாடிக் குவளைகளும் நிறைந்த இடத்தில் சிறுபிள்ளை தனியே ஓடுவது அப்பிள்ளைக்கே ஆபத்தானது. எனவே ஒழுங்கு தேவை என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

எனினும், அந்த ஒழுங்கிற்கு வயதுதான் அளவுகோலா என்பதே கேள்வி. ஓய்வுக்கூடங்களில் அமைதியைக் குலைப்பவர்கள் குழந்தைகள் மட்டும்தானா? ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டு வியாபாரம் பேசுபவரும், மதுபோதையில் உரத்துச் சிரிக்கும் நண்பர் குழாமும், செவிப்பொறியின்றித் திரைப்படம் பார்ப்பவரும் வயது வந்தவர்களே. அவர்களுக்கு எதிராக எவரும் வயதெல்லை கோருவதில்லை. அவர்களிடம் சத்தத்தைக் குறைக்குமாறு கேட்கப்படுகின்றது, அவ்வளவே. வளர்ந்தவரின் தவறு அவருடைய தனிப்பட்ட தவறாகவும், ஒரு குழந்தையின் அழுகை முழுக் குழந்தைகளினதும் குற்றமாகவும் நோக்கப்படுவதே இங்குள்ள அநீதியாகும். ஒரு கூட்டத்தினர் அனைவரையும் அவர்களுள் சிலரின் நடத்தைக்காக ஒதுக்கிவைக்கும் தர்க்கம் எங்கு கொண்டுபோய் விடும் என்பதை இந்நாட்டின் சிறுபான்மைச் சமூகங்களுக்கு நாம் விளக்கிக்கூற வேண்டியதில்லை.

விமானங்களினுள் இவ்வகையான பிரிப்புகள் ஏற்கெனவே பரீட்சித்துப் பார்க்கப்பட்டுள்ளன. மலேஷியன் எயார்லைன்ஸ் நிறுவனம் தனது சில விமானங்களின் முதல் வகுப்பில் கைக்குழந்தைகளை ஏற்பதில்லை என்பது 2011 இல் வெளியாகி உலகளாவிய சர்ச்சையைத் தோற்றுவித்தது. 2013 இல் எயார் ஏஷியா எக்ஸ் நிறுவனம் 12 வயதிற்குக் குறைந்தோருக்கு ஆசனம் ஒதுக்காத அமைதி வலயமொன்றை அறிமுகம் செய்தது. 2016 இல் இந்தியாவின் இண்டிகோ நிறுவனமும் குறிப்பிட்ட சில வரிசைகளை அவ்வாறு ஒதுக்கியது. 2023 இல் கொரண்டன் என்ற நிறுவனம் அம்ஸ்ரடாம் - குராசோ சேவையில் 16 வயதிற்கு மேற்பட்டோருக்கென மட்டும் தனிப்பகுதியை ஏற்படுத்தியது. ஜப்பான் எயார்லைன்ஸ் சற்று வேறுபட்ட வழியை நாடியது. கைக்குழந்தைகளுடன் பயணிப்போர் தெரிவு செய்துள்ள ஆசனங்களை ஏனைய பயணிகள் முன்கூட்டியே அறியக்கூடியவாறு ஆசன வரைபடத்தில் காட்டும் ஏற்பாட்டை 2019 இல் அது நடைமுறைப்படுத்தியிருந்தது.

ஆனால் விமானத்தின் அமைதி வலயத்திற்கும் ஓய்வுக்கூடத்தின் மூடிய கதவிற்கும் இடையில் அடிப்படையான வேறுபாடொன்று உள்ளது. விமானத்தில் குழந்தைக்கு வேறொரு வரிசையில் ஆசனம் கிடைக்கும். பயணம் தடைப்படுவதில்லை. ஓய்வுக்கூட வாசலிலோ அவ்வாறு மாற்றிடம் கிடைப்பதில்லை. குழந்தையை வெளியே தனியே விட்டுவிட்டு எந்தத் தாயும் உள்ளே செல்லப்போவதில்லை. எனவே குழந்தைக்கு விதிக்கப்படும் தடை உண்மையில் அக்குழந்தையைப் பராமரிப்பவருக்கு விதிக்கப்படும் தடையாகும். அவ்வாறு பராமரிப்பவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கின்றார். ஒரே விதமான பயணச்சீட்டையும் ஒரே விதமான அட்டையையும் கொண்டிருக்கும் தந்தை தொழில் நிமித்தம் தனியே பயணிக்கையில் உள்ளே உணவருந்த, விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் பயணிக்கும் தாய் வெளியே பால் போத்தலுக்கு வெந்நீர் தேடி அலைய நேரிடுகின்றது. வயதெல்லை என்ற பெயரில் வரும் விதி பால்நிலைப் பாரபட்சமாக உருமாறுவது இவ்வாறுதான்.

இவ்விடயத்தில் தென் கொரியாவின் அனுபவம் கவனத்திற்குரியது. அந்நாட்டின் உணவகங்களிலும் கோப்பிக் கடைகளிலும் சிறுவர்களை அனுமதிக்காத வலயங்கள் கடந்த தசாப்தத்தில் பெருகின. ஜேஜு தீவிலுள்ள உணவகமொன்று 13 வயதிற்குக் குறைந்தோரை ஏற்க மறுத்தமை தொடர்பான முறைப்பாட்டை ஆராய்ந்த அந்நாட்டின் தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழு, அது பாரபட்சமான செயலென 2017 இல் முடிவு செய்தது. வர்த்தகருக்குத் தமது தொழிலை நடத்தும் சுதந்திரம் உண்டெனினும், சிலரின் நடத்தையைக் காரணம் காட்டி அனைத்துச் சிறுவர்களையும் விலக்க அது இடமளிக்காது என்பதே அம்முடிவின் சாராம்சமாகும். அம்முடிவு சட்டரீதியாகக் கட்டுப்படுத்துவதல்ல என்பதனால் அத்தகைய வலயங்கள் மறைந்துவிடவில்லை. 2023 இல் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் தமது குழந்தையுடனேயே பாராளுமன்றத்திற்கு வந்து அவ்வலயங்களை ஒழிக்குமாறு கோரினார். அதே வருடத்தில் அந்நாட்டின் கருவள வீதம் 0.72 ஆக வீழ்ச்சியடைந்திருந்தது. வீட்டு விலையும் கல்விச் செலவும் வேலைப்பளுவும் அதற்குப் பிரதான காரணங்கள் என்பது உண்மையே. ஆயினும், பிள்ளைகளைப் பெறுமாறு ஒரு கையால் ஊக்குவிப்புத் தொகை வழங்கிக்கொண்டு மறு கையால் பிள்ளைகளுக்குக் கதவை அடைக்கும் சமூகம் தனக்குத்தானே முரண்படுகின்றது என்ற விமர்சனம் அங்கு வலுவாக எழுந்தது. பிரான்ஸிலும் இத்தகைய இடங்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றப்பட வேண்டுமென்ற குரல் அண்மைய வருடங்களில் செனட் சபை வரை எட்டியுள்ளது.

எமது நாட்டின் சட்டநிலை யாது? ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சிறுவர்களின் ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றிற்கான உரிமையை அச்சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரை அங்கீகரிக்கின்றது. பொது இடங்களில் சிறுவர்களின் பிரசன்னத்தைச் சகித்துக்கொள்ளாத போக்கு வளர்ந்து வருவது குறித்து, அவ்வுறுப்புரைக்கு விளக்கமளித்து சிறுவர் உரிமைகள் குழு 2013 இல் வெளியிட்ட பொதுக் கருத்துரை கவலை தெரிவித்திருந்தது. எமது அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரையை நோக்கினால், கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றினுள் செல்வதில் இனம், மதம், மொழி, சாதி, பால் என்பவற்றின் அடிப்படையில் எவரும் தடுக்கப்படலாகாது என அது கூறுகின்றது. அப்பட்டியலில் வயது இடம்பெறவில்லை. எனவே தனியார் ஓய்வுக்கூடமொன்று வயதெல்லை விதிப்பதை அவ்வாசகத்தைக் கொண்டு மட்டும் தடுத்துவிட முடியாது. எனினும் பெண்கள், சிறுவர், அங்கவீனர் ஆகியோரின் முன்னேற்றத்திற்கென விசேட ஏற்பாடுகளைச் செய்ய அதே உறுப்புரை அரசுக்கு இடமளிக்கின்றது என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். ஆகவே அரசின் கைகள் கட்டப்பட்டிருப்பதாக எவரும் கூற முடியாது.

இன்னொரு கோணத்தில் எழும் ஆட்சேபம் எமது வாசகர்களில் பலருக்கு முக்கியமானது. ஓய்வுக்கூடங்களில் மதுபானம் தாராளமாக வைக்கப்பட்டிருக்கின்றது. பல இடங்களில் அதை எவரும் தாமாகவே ஊற்றிக்கொள்ளலாம். அத்தகைய சூழலுக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பல பெற்றோர், குறிப்பாக முஸ்லிம் பெற்றோர், தயங்குகின்றனர். 21 வயதிற்குக் குறைந்தோருக்கு மதுபானம் விற்பதை எமது நாட்டில் 2006 ஆம் ஆண்டின் புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான அதிகாரசபைச் சட்டம் தடை செய்கின்றது. அவ்வாறாயின் பிள்ளைகளைத்தானே வெளியே நிறுத்த வேண்டும் என்று வாதிடப்படலாம். அது தலைகீழான வாதமாகும். உணவும் உறங்கும் இடமும் பிள்ளைக்குத் தேவையானவை, மது அவ்வாறானதல்ல. இரண்டில் ஒன்றை ஒதுக்குப்புறமான பகுதிக்கு நகர்த்த வேண்டுமாயின் நகர்த்தப்பட வேண்டியது மதுபான மேசையே தவிர பிள்ளையல்ல.

குழந்தையின் சத்தத்தை எமது மரபுகள் தொல்லையாகக் கருதியதில்லை. மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய வள்ளுவர் மழலையின் இனிமையை இசையினும் மேலாக வைத்தார். தொழுகையின்போது குழந்தை அழும் ஓசை கேட்டால், தாய் வருந்துவாளே என்பதற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொண்டமை இஸ்லாமிய மரபில் நன்கறியப்பட்ட செய்தியாகும். வழிபாட்டின் அமைதியிலேயே குழந்தைக்கும் தாய்க்கும் இடமளித்த பண்பாடுகளுக்கு உரிய நாம், விமான நிலைய ஓய்வறையில் அவர்களுக்கு இடமில்லை என்று கூறுவதை எவ்வாறு ஏற்க முடியும்?

இனி எமது விமான நிலையத்தின் பக்கம் திரும்புவோம். வருடத்திற்கு 60 இலட்சம் பயணிகளைக் கையாளுவதற்கென வடிவமைக்கப்பட்ட கட்டுநாயக்க முனையம் 2018 ஆம் ஆண்டளவில் ஒரு கோடி பயணிகளை எட்டியிருந்தது. இந்நெருக்கடிக்குத் தீர்வாக 2020 இல் ஜப்பானிய நிதியுதவியுடன் ஆரம்பிக்கப்பட்ட இரண்டாவது முனையத்தின் நிர்மாணப் பணிகள் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியுடன் இடைநின்றன. இவ்வாறான நெரிசலுக்குள் காத்திருப்பவர்கள் யார்? யாழ்ப்பாணத்திலிருந்து 350 கிலோமீற்றருக்கும் மேலாக இரவிரவாக வானில் வந்து சேரும் குடும்பங்கள், கிழக்கிலிருந்து மலைப்பாதை தாண்டி வருபவர்கள், தோட்டப் பகுதிகளிலிருந்து முதல் தடவையாக விமானம் ஏற வருபவர்கள். பாதையில் ஏதும் நேர்ந்துவிடலாமென அஞ்சி அவர்கள் பல மணிநேரம் முன்னதாகவே வந்துவிடுகின்றனர். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பேரப்பிள்ளைகளைப் பாட்டன் பாட்டிக்குக் காட்டவென வரும் குடும்பங்களில் பல டோஹாவிலோ டுபாயிலோ விமானம் மாறிக் களைத்து வருபவை. இவர்களுள் ஓய்வுக்கூட அட்டை வைத்திருப்போர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விமான நிலையத்தில் இன்னொரு வகைக் குழந்தையையும் நாம் மறந்துவிடலாகாது. 2022 இல் மாத்திரம் 3 இலட்சத்திற்கும் அதிகமானோர் வேலைவாய்ப்பிற்காக இந்நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களுள் தாய்மாரும் கணிசமானோர். 5 வயதிற்குக் குறைந்த பிள்ளைகளைக் கொண்ட தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வதை 2013 இல் அரசாங்கம் கட்டுப்படுத்தியது. டொலர் நெருக்கடி உச்சமடைந்த 2022 இல் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. நாட்டின் அந்நியச் செலாவணிக்காக வருடக்கணக்கில் தாயைப் பிரியவிருக்கும் பிள்ளை, தன் தாயுடன் கழிக்கும் இறுதி மணித்தியாலங்களை வாகனத் தரிப்பிடத்திலும் நடைபாதை ஓரத்திலும் கழிக்கின்றது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் வழியனுப்ப வருவோருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் பாதுகாப்பு நோக்கில் விளங்கிக்கொள்ளக்கூடியவையே. ஆனாலும் முனையத்திற்கு வெளியே நிழலும் இருக்கையும் சுத்தமான கழிவறையும் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட இடமும் கொண்ட வழியனுப்பு மண்டபமொன்று அவர்களுக்குக் கிடைப்பது பாதுகாப்பிற்கு எவ்வகையிலும் ஊறு விளைவிக்காது.

ஏனைய நாடுகளில் இதற்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பிள்ளைகளுக்கான விளையாட்டிடங்கள் எந்த அட்டையும் கேட்காமல் அனைவருக்கும் திறந்துள்ளன. இஸ்தான்புல்லில் துருக்கி விமான சேவையின் ஓய்வுக்கூடத்தினுள்ளேயே சிறுவர் அறை உள்ளது. தனியே பயணிக்கும் சிறுவர்களுக்கென எமிரேட்ஸ் நிறுவனம் டுபாயில் பிரத்தியேக ஓய்வறையை நடத்துகின்றது. நடுத்தர மற்றும் பெரிய விமான நிலையங்களில் பாலூட்டும் அறைகள் இருந்தாக வேண்டுமென்பதை அமெரிக்கா 2018 இல் சட்டமாகவே ஆக்கியது. குழந்தைக்கு இடமளித்ததனால் இவற்றின் எந்தவொரு வாடிக்கையாளரும் அமைதியை இழந்துவிடவில்லை. குழந்தைக்கென அறையொன்று இருக்கையில், அமைதியை நாடுபவருக்கும் அறையொன்று தானாகவே கிடைத்துவிடுகின்றது.

இவற்றின் அடிப்படையில் நாம் முன்வைக்கும் யோசனைகள் எளிமையானவை. முதலாவதாக, ஓய்வுக்கூடங்களின் கதவில் வயதெல்லை இருத்தலாகாது. அதற்குப் பதிலாக உள்ளே நடத்தை விதிகள் இருக்க வேண்டும். அவை சிறியோருக்கும் பெரியோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பிள்ளையைக் கவனிக்கத் தவறும் பெற்றோரை வெளியேறுமாறு கேட்கும் அதிகாரம் ஊழியருக்கு இருக்கலாம், உரத்துப் பேசும் கனவானை வெளியேறுமாறு கேட்கும் அதிகாரமும் அவர்களுக்கு இருக்குமாயின். இரண்டாவதாக, போதிய பரப்பளவுள்ள ஓய்வுக்கூடங்களில் அமைதி அறையும் குடும்ப அறையும் வெவ்வேறாக அமைக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, பெற்றோருடன் வரும் பிள்ளைகளை விருந்தினர் கணக்கில் சேர்க்கும் வழக்கத்தை வங்கிகளும் விமான நிறுவனங்களும் மீளாய்வு செய்ய வேண்டும்.

நான்காவதும் எமது பார்வையில் பிரதானமானதுமான யோசனை, கட்டுநாயக்கவை நிர்வகிக்கும் அரசுக்குச் சொந்தமான விமான நிலையக் கம்பனிக்கு உரியதாகும். குழந்தை உறங்கும் இடம், பாலூட்டும் அறை, வெந்நீர், விளையாடும் மூலை ஆகியன அட்டை வைத்திருப்போரின் சலுகையாக அன்றி, பயணிகள் அனைவருக்குமான அடிப்படை வசதியாக வழங்கப்பட வேண்டும். இரண்டாவது முனையத்தின் வரைபடத்தில் இவற்றிற்கான இடம் இப்போதே குறிக்கப்பட வேண்டும், கட்டி முடித்தபின் இடம் தேடுவது எமது நாட்டின் பழைய நோயாகும். 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டு, இடைநின்று, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மீண்டும் ஆரம்பிக்கப்பட்ட பலாலி விமான நிலையத்திற்கும் இது பொருந்தும். அது இன்னும் சிறிய நிலையமே. சிறியதாக இருக்கும்போதே சரியாகத் திட்டமிடுவது இலகுவானது.

ஓய்வுக்கூடத்தினுள் குழந்தைகளை அனுமதிக்கலாமா என்ற கேள்விக்கு எமது விடை ஆம் என்பதேயாகும். ஆனால் அந்த விடையுடன் விடயம் முடிந்துவிடுவதில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே செல்லும் குழந்தைக்காக வாதாடுவோர் பலர் உளர். கதவுக்கு வெளியே பயணப்பெட்டியின் மேல் தலைசாய்த்து உறங்கும் குழந்தைக்காக வாதாடுவோர் மிகச் சிலரே. பொறுப்பு வாய்ந்தவர்கள் அக்குழந்தையிலிருந்து தமது திட்டமிடலை ஆரம்பிப்பார்களாயின், உள்ளேயிருக்கும் குழந்தையைப் பற்றிய சர்ச்சை தானாகவே தணிந்துவிடும் என்பது எமது நம்பிக்கையாகும்.